சுவரில் தெரியும் காணி

கண்டியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்காக நடத்தப்படும் கூட்டங்களுக்கு அதிகாரிகள் வந்து சேருமுன்பே ஒரு கறுப்புப் பை வந்துவிடுகிறது. அதனுள் இருப்பது புரொஜெக்டர். எமது மக்கள் அதை 'மல்டிமீடியா' என்கிறார்கள். பாடப் புத்தகம் பல்லூடக எறியி என்கிறது. பெயர் எதுவானாலும், அந்தச் சிறிய பெட்டியிலிருந்து கிளம்பும் வெளிச்சத்தில்தான் இன்று எமது காணியும் வீடும் சுவரில் வந்து விழுகின்றன. திரும்பிப் போகலாம் என்று சொல்லப்படும் மலைச்சரிவும், இனி ஒருபோதும் போகக்கூடாது என்று சொல்லப்படும் மலைச்சரிவும் அதே சுவரில்தான் தெரிகின்றன. பெயர்ப் பட்டியலும் அங்கேதான் வருகிறது. அரை மணி நேரத்தில் விளக்கு அணைக்கப்படுகிறது; சுவர் வெறும் சுவராகிறது. வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம்: "எங்க நம்பரு அதில இருந்துச்சா?"

இந்தக் கருவியைப் பூட்டவும், இயக்கவும், வேண்டிய இடத்தில் நிறுத்தவும், ஆபத்தின்றிக் கழற்றி வைக்கவும் இடம்பெயர்ந்த குடும்பங்களே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எமது கருத்து. இது பெடியன்களின் விளையாட்டு வேலை, அல்லது கந்தோர் ஆட்களின் வேலை என்று விட்டுவிடக் கூடாது. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவரே கூட்டத்தை நடத்துகிறார்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி இந்நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மலைநாட்டில் ஆட்களைக் கொன்றது பெரும்பாலும் மண்சரிவு. மண்சரிவு அபாயத்தை ஆராய்ந்து, இந்த இடத்தில் குடியிருக்கலாம், இந்த இடத்தில் கூடாது என்று ஆலோசனை சொல்லும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உண்டு. அதன் வரைபடங்கள் நிறங்களால் பேசுகின்றன. அது விடுக்கும் மழைக்கால எச்சரிக்கையும் அப்படியே: மஞ்சள் என்றால் விழிப்பாயிரு, செம்மஞ்சள் என்றால் புறப்பட ஆயத்தமாகு, சிவப்பு என்றால் வெளியேறு.

இப்போது இந்த நிறங்களை ஒரு தோட்டத்து மண்டபத்தின் சுவரில் காட்டிப் பாருங்கள். சுவருக்கு இளம்பச்சைச் சாயம் பூசியிருக்கிறது. இரண்டு பக்கமும் யன்னல், திரைச்சீலை கிடையாது. பகல் பதினொரு மணி. புரொஜெக்டரின் குமிழ் பழசு. மஞ்சளும் செம்மஞ்சளும் ஒரே அழுக்கு நிறமாகத் தெரியும். பச்சைச் சுவரில் மஞ்சள் விழுந்தால் பச்சையாகவே தெரியும். ஆண்களில் சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் வேறுபிரிக்கும் பார்வை பிறவியிலேயே குறைவு. அவர்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை, பலருக்குத் தமக்கு அப்படி இருப்பதே தெரியாது. அதிகாரி நேர்மையானவராக இருக்கலாம், வரைபடம் சரியானதாக இருக்கலாம். ஆனால் கூட்டத்தில் இருந்த குடும்பம் தன் வீட்டின் மேல் இருந்த நிறம் எது என்று பிழையாக விளங்கிக்கொண்டு திரும்பிப் போகிறது. மழைநாளில் அந்தப் பிழை உயிரைக் கேட்கும்.

ஆகவே நிறத்தைக் காட்டுபவர்கள் அந்த நிறத்தின் பெயரையும் வாயால் சொல்ல வேண்டும், வரைபடத்தில் எழுத்தாலும் குறிக்க வேண்டும். அதைக் கேட்க எமக்கு உரிமை உண்டு. வெள்ளைத் திரை இல்லாவிட்டால் மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டிய வெள்ளைப் பெட்சீட் போதும். யன்னலுக்குச் சாக்கோ கறுப்புப் பொலித்தீனோ கட்டலாம். ஆனால் கதவையும் காற்றோட்டத்தையும் அடைத்துவிட வேண்டாம். நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் இருட்டும் வேண்டும், மூச்சும் வேண்டும்.

இந்த மலைநாட்டுக்குக் காணிப் படம் காட்டி மக்களை எழுப்புவது புதிதல்ல. மகாவலித் திட்டத்தில் விக்டோரியா நீர்த்தேக்கம் நிரப்பப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் 1984இல் நீருக்குள் போனது. அணைக்கட்டு 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. கொத்மலையிலும் அதே காலத்தில் வயலும் வீடும் மூழ்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின. பல குடும்பங்கள் மலை இறங்கி மகாவலி 'சி' வலயம் வரை போயின. கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய தெல்தெனியவின் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டுகின்றன. அந்தக் காலத்துத் திட்டத்தில் குறைகள் ஏராளம். அதை இங்கே விரிக்கவில்லை. ஆனால் அன்று ஒருவருக்குக் கிடைத்தது கடதாசி. அதை மடித்து ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைக்கலாம், பத்து வருடம் கழித்து எடுத்துக் காட்டலாம். வெளிச்சத்தை யாரும் பெட்டியில் வைக்க முடியாது.

ரிமோட்டில் உள்ள ஒரு பொத்தானைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அநேகமான புரொஜெக்டர்களில் 'ஃப்ரீஸ்' என்ற பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சுவரில் உள்ள படம் அப்படியே நின்றுவிடும். லெப்டொப்பில் அடுத்த பக்கத்துக்குப் போனாலும் சுவர் அசையாது. இன்னொரு பொத்தான் படத்தை மறைத்துச் சுவரை இருட்டாக்கும். மீண்டும் அழுத்தினால் படம் திரும்பும். பேசுபவரை அவமதிக்காமல் ஒரு கூட்டத்தை நிதானப்படுத்த இவ்விரண்டும் போதும். வரைபடம் வந்ததும் முகாமிலிருந்து தெரிவான ஒரு பெண் எழுந்து, "ஐயா, இந்தப் படத்தக் கொஞ்சம் நிப்பாட்டி வைங்க. ஒவ்வொரு குடும்பமா முன்னுக்கு வந்து அவங்கவங்க வீட்டப் பார்க்கட்டும்" என்று சொல்லலாம். நல்ல அதிகாரி இதை விரும்புவார். பிறகு வரும் முறைப்பாடுகளில் பாதி அங்கேயே தீர்ந்துபோகும். அதற்கு அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்று யாராவது முகம் சுளித்தால், ஒரு வாழ்நாள் குடியிருக்கப் போகும் இடத்துக்கு அரை மணி நேரம் அதிகமா என்று கேளுங்கள்.

வேதாகமத்தில், எண்ணிக்கை நூலில், செலொபுகாதின் புதல்வியர் ஐவர் சபை முழுவதற்கும் முன்பாக வந்து நின்று தங்கள் தந்தையின் காணிப் பங்கைக் கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று தீர்ப்பாயிற்று. பாலைவனத்தில் இடம்பெயர்ந்து அலைந்த ஒரு சனத்தின் கூட்டம்தான் அதுவும். எமது கூட்டங்களில் பெண்கள் பின்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து எழுத்து தெரிவதில்லை.

படத்தை நிறுத்திப் பார்த்தபின் அதே படத்தின் கடதாசிப் பிரதி வேண்டும், தமிழில் வேண்டும். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின் தமிழும் அரச கரும மொழியே. அதோடு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தத் தினத்தில், எந்தக் கூட்டத்தில், எந்தப் படம் காட்டப்பட்டது என்று குறித்து அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் பதிவது அவரது கடமை. தருவதா இல்லையா என்ற முடிவை அவர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். கைத்தொலைபேசியில் சுவரைப் படம் எடுப்பதும் நல்லதே. ஆனால் அந்தப் படம் சாட்சி மாத்திரம். வரைபடத்தின் இலக்கம், திகதி, அளவுத்திட்டம், கையொப்பம் ஆகியவை அதில் விழுந்திருக்காது. பேர்ச்சஸ் கணக்குச் சொல்லும்போது எல்லையும் சேர்த்துக் கேளுங்கள். 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏழு பேர்ச்சஸில் வீடு போக எத்தனை பாத்தி மரக்கறி போடலாம் என்பது விவசாயிக்குத்தான் தெரியும்.

கருவியைப் பூட்டும் வேலை பயப்படுகிற அளவுக்குக் கடினமன்று. ஆனால் ஒழுங்கு வேண்டும். புரொஜெக்டரை உறுதியான மேசையில், மட்டமாக வையுங்கள். ஆலய மண்டபங்களில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைக்கும் பழக்கம் இருக்கிறது. புத்தகம் சறுக்கும், அதைவிட மோசம், கருவியின் அடியில் உள்ள காற்றுத் துவாரத்தை அடைத்துவிடும். உயர்த்த வேண்டுமானால் முன்கால் திருகைச் சுழற்றி உயர்த்துங்கள். துணி விரித்த மேசையும் ஆகாது. பக்கத்திலும் பின்னாலும் ஓரடி இடைவெளி விடுங்கள். சூடான காற்று வெளியேறும் பக்கத்தில் பிள்ளைகளை இருத்த வேண்டாம்.

சாதாரணக் கருவியைச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி வைத்தால் ஆறடி அகலமான படம் கிடைக்கும். ஆறடி அகலப் படத்தை முப்பத்தாறு அடிக்கு அப்பால் இருப்பவர் சரியாக வாசிக்க முடியாது என்பது படம் காட்டுவோரின் பழைய கணக்கு. அதைவிட நல்ல பரிசோதனை ஒன்று உண்டு. கூட்டம் தொடங்குமுன் ஒரு பாட்டியைக் கடைசி வாங்கில் இருத்தி எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவரானால் படத்தில் ஆற்றையும் ரோட்டையும் காட்டச் சொல்லுங்கள். படத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து நாலடி உயரத்திலாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் காணியின் தெற்கெல்லையை விழுங்கிவிடும். படம் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் தெரிந்தால் கருவியைச் சுவருக்கு நேராக வையுங்கள். பொத்தானை அழுத்திக் கோணலைத் திருத்தவும் வழியுண்டு, ஆனால் அதில் எழுத்து மங்கும். வரைபடத்தின் சிறிய இலக்கங்களை அந்த மங்கலில் வாசிக்க முடியாது.

லெப்டொப்பிலிருந்து வரும் வயரைப் பூட்டியும் படம் வராவிட்டால் பெரும்பாலும் கருவியில் கோளாறு இருக்காது. எந்த வழியாகப் படம் வருகிறதோ அந்த வழியை, அதாவது எச்.டி.எம்.ஐ. அல்லது வி.ஜி.ஏ., புரொஜெக்டரில் தெரிவு செய்ய வேண்டும். லெப்டொப்பில் விண்டோஸ் குறியுள்ள விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'டுப்ளிகேட்' என்பதைத் தெரிந்தால் இரண்டிலும் ஒரே படம் வரும். தமிழுக்கு ஒரு தனிச் சங்கடமும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழை வேறு லெப்டொப்பில் திறந்தால் சுவரில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். உடனே "தமிழ்ப் பிரதி வேலை செய்யவில்லை, சிங்களத்திலேயே பார்ப்போம்" என்று சொல்லப்படும். யுனிகோட்டில் தட்டினால், அல்லது பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டுவந்தால், இந்தச் சாக்குக்கு இடமில்லை. முன்கூட்டியே பென்ட்ரைவில் வாங்கிப் பரிசோதித்துப் பார்க்கும்படி இளைஞர்களிடம் ஒப்படைக்கலாம்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஆளைக் கொல்ல அது தாராளமாகப் போதும். லயன் அறைகளிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் உள்ள வயரிங்கைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. மூன்று முள் பொயின்டில் இரண்டு முள் பிளக்கை ஏற்றுவதற்காக எர்த் துவாரத்தில் பேனை மூடியைக் குத்தும் வித்தை எங்கள் ஊர்களில் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. இந்தப் பழக்கம் நிற்க வேண்டும். புரொஜெக்டருக்கு மூன்று முள் பிளக்கும், எர்த் உள்ள பொயின்டும் கட்டாயம். மண்டபத்தில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் அன்று அந்த மண்டபத்தில் படம் வேண்டாம். எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கட்டும்.

எக்ஸ்டென்ஷன் வயர் சுருளாக இருந்தால் முழுவதையும் அவிழ்த்து விரியுங்கள். சுருண்ட வயர் சூடாகி உருகும். புரொஜெக்டர் இழுப்பது அநேகமாக 200 முதல் 350 வோட்ஸ்தான். ஆனால் தேநீருக்கு மின்சாரக் கேத்தலையும் அதே எக்ஸ்டென்ஷனில் சொருகுகிறார்கள். கேத்தல் தனியாகவே 2000 வோட்ஸ் வரை இழுக்கும். தேநீரைக் குசினியில் கொதிக்க வையுங்கள். வயரை நடைபாதையின் குறுக்கே போடாமல் சுவரோரமாகக் கொண்டுபோய் டேப் ஒட்டுங்கள். இருட்டில் பிள்ளையோடு எழுந்து போகும் தாய் தடுக்கி விழுந்தால் பிள்ளையும் விழும், மேசையிலிருந்து கருவியும் விழும். மழையில் நனைந்து வந்தவர்களின் குடைகளை வயருக்குத் தூரத்தில் வையுங்கள். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் ஈரத்தரையில் நின்று பிளக்கைத் தொட வேண்டாம்.

இடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கண்டிப் பக்கத்தில் பின்னேரம் இடி மின்னல் வருவது வழக்கம். அந்த மாதங்களில் கூட்டத்தைக் காலையில் வையுங்கள். இடி கேட்டால் கருவியை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அதிகாரி பேசிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. ஜெனரேட்டரில் ஓட்டுவதானால், அதை முதலில் ஓடவிட்டு, ஓட்டம் சீரானபின் புரொஜெக்டரைப் பூட்டுங்கள். ஜெனரேட்டர் மண்டபத்துக்கு வெளியே, யன்னலுக்குத் தூரத்தில் நிற்க வேண்டும். அதன் புகையில் உள்ள நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது. அடைத்த மண்டபத்தில் அது ஆட்களைத் தூங்க வைத்தே கொன்றுவிடும்.

குமிழ் உள்ள புரொஜெக்டர்களில் உயர் அழுத்தப் பாதரசக் குமிழ் எரிகிறது. அது கடும் சூடு. நிறுத்தியதும் உள்ளே விசிறி ஓரிரு நிமிடம் சுழன்று குமிழைக் குளிர்விக்கும். அந்தச் சத்தம் நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்கக் கூடாது, தூக்கவும் கூடாது. இடையில் கரண்ட் போனால், வந்ததும் அவசரப்பட்டு மீண்டும் போடாமல் ஆறவிடுங்கள். குமிழ் வெடிப்பது அபூர்வம். வெடித்தால் பிளக்கைக் கழற்றி, யன்னல் கதவுகளைத் திறந்து, எல்லாரையும் வெளியே அனுப்பி அரை மணி நேரம் விடுங்கள். உள்ளே இருந்த பாதரசம் சிறிதளவே என்றாலும் நஞ்சு நஞ்சுதான். கண்ணாடித் துண்டை வெறுங்கையால் பொறுக்கவும் வேண்டாம், விளக்குமாற்றால் பெருக்கவும் வேண்டாம். கையுறை போட்டு, மட்டையால் அள்ளி, ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் போடுங்கள். லேசர் புரொஜெக்டரில் இந்தக் குமிழ் இல்லை. ஆயினும் லென்ஸுக்குள் நேராகப் பார்ப்பது எந்தக் கருவியிலும் கண்ணுக்குக் கேடு. பிள்ளைகள் கட்டாயம் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு பெரியவரை மேசையருகில் இருத்துவதே இதற்கு மருந்து. நுவரெலியாக் குளிரிலிருந்து வாகனத்தில் கொண்டுவந்த கருவியைக் கண்டி வெப்பத்தில் உடனே போட வேண்டாம். உள்ளே பனித்திருக்கும், அரை மணி நேரம் பையில் இருக்கட்டும்.

கரண்டினால் வராத ஆபத்துகளும் உண்டு. உதவி பெறுவோர் பட்டியலை அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கத்தோடு சுவரில் போடுவதைக் கண்டிருக்கிறோம். நூறு தொலைபேசிகள் அதைப் படம் பிடிக்கின்றன. மறுவாரம் "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று அழைப்பு வருகிறது. பெயரும் குடும்ப இலக்கமும் போதும். மற்றதை ஒவ்வொருவரிடமும் தனியாகக் காட்டலாம். அதைவிட நெஞ்சை உறுத்துவது மண்சரிவுப் படங்கள். விழிப்புணர்வு என்ற பெயரில், மண்ணுக்குள் பிள்ளையைக் கொடுத்த தாயின் முன்னால் சேற்றுமலை இறங்கி வரும் வீடியோவைப் போடுகிறார்கள். 1671இல் இயேசு சபைக் குரு அத்தனாசியுஸ் கிர்கர் தமது நூலில் மாய விளக்கின் படம் ஒன்றை அச்சிட்டார். அந்தப் படத்தில் சுவரில் தெரிவது நெருப்பில் வேகும் ஓர் ஆன்மா. சுவரில் வெளிச்சம் போட்டு மக்களைப் பயமுறுத்துவது அவ்வளவு பழைய ஆசை. மலை எப்படி இறங்கியது என்று எமது மக்களுக்கு யாரும் காட்டத் தேவையில்லை. காட்ட வேண்டியது நிலத்தில் வெடிப்பு விழுவது, மரங்கள் சாய்வது, ஊற்று நீர் திடீரெனக் கலங்குவது அல்லது வற்றுவது முதலிய முன்னறிகுறிகளையும் வெளியேறும் பாதையையும். அப்போதும் முதலில் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். எழுந்து போக விரும்புகிறவர் போகட்டும்.

இதுவரை கூட்டத்துக்கு வருபவர்கள் எமக்குக் காட்டுவதைப் பற்றியே பேசினோம். நாம் எமக்கே காட்டிக்கொள்ளலாமே என்பதுதான் இதில் பெரிய விஷயம். இந்தியாவில் 2006இல் பெங்களூரில் தொடங்கிய 'டிஜிட்டல் கிரீன்' என்ற முயற்சி இதற்கு நல்ல உதாரணம். வெளியூர் நிபுணருக்குப் பதிலாக அந்தந்தப் பகுதி விவசாயியே தன் வயலில் நின்று தான் செய்வதைச் செய்து காட்டும் சிறு வீடியோக்களை அவர்கள் எடுத்தார்கள். கிராமத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடுமிடத்தில், முதலில் தொலைக்காட்சிப் பெட்டியிலும் பிற்காலத்தில் பற்றரியில் ஓடும் கைப்பிடியளவு புரொஜெக்டரிலும் போட்டார்கள். ஊர்க்காரர் ஒருவர் படத்தை இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்பார், கேட்கச் சொல்வார். செலவழித்த பணத்துக்கு ஏற்றுக்கொண்ட விவசாயிகளைக் கணக்கிட்டால், வழமையான விவசாய விரிவாக்க முறையைவிட இது பத்து மடங்கு பயன் தந்ததாக அவர்களின் ஆரம்பகால ஆய்வு கூறியது. ஒரே ஆய்வை வைத்துத் துள்ள வேண்டியதில்லை. ஆனால் படத்தைப் போலவே அதை நிறுத்திப் பேசவைத்த ஊர்க்காரருக்கும் அந்தப் பயனில் பங்குண்டு என்பதை மறக்க வேண்டாம்.

எமது பக்கத்திலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. மகாவலியில் குடியேற்றப்பட்டவர்களுக்காக 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கியது. அதன் ஆட்கள் ஊர்களுக்கே போய்த் தங்கி, மக்களின் குரலிலேயே நிகழ்ச்சி தயாரித்தார்கள். 1989இல் கொத்மலையில் தனி நிலையம் வந்தது. அந்தச் சேவை பெரும்பாலும் சிங்களத்தில் இருந்தது. தேயிலை மலையின் தமிழ்க் காதுகளுக்கு அது அவ்வளவாக எட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புதிய இடத்தில், தெரியாத மண்ணில், எந்தப் பயிர் பிடிக்கும், எங்கே வடிகால் வெட்ட வேண்டும், மலைச்சரிவில் கல்லடுக்கு எப்படிக் கட்ட வேண்டும் என்பதை ஒரு வருடம் முன்னே போன குடும்பம் பின்னே வரும் குடும்பத்துக்குத் தமிழில் காட்டினால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அதற்கு ஒரு கைத்தொலைபேசியும் ஒரு வெள்ளைப் பெட்சீட்டும் இந்தக் கறுப்புப் பையும் போதும். மலிவாக விற்கும் சிறு புரொஜெக்டர்களை வாங்குமுன் ஒன்று கவனியுங்கள்: பெட்டியில் அச்சிட்ட பெரிய 'லூமன்' எண்ணை நம்பாமல், 'அன்சி லூமன்' எவ்வளவு என்று கேளுங்கள். இரவில் இருபது பேர் பார்க்கச் சில நூறு போதும். பகலில் மண்டபத்தில் காட்ட மூவாயிரம் தேவை.

திருச்சபையாரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. எத்தனை பங்கு அலுவலகங்களில் புரொஜெக்டர் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது? ஆயர் வருகைக்கும் ஆண்டுக் கூட்டத்துக்கும் வெளியே வருகிறது, பிறகு பூட்டு. "விலை கூடிய சாமான், உடைத்துவிடுவார்கள்" என்பதே காரணம். உண்மையில் கருவி கெடுவது பாவிப்பதால் மட்டுமல்ல. அலுமாரி ஈரத்தில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கிறது, வடிகட்டியில் தூசு அடைத்து அடுத்த தடவை சூடேறுகிறது. மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றித் தட்டித் துடைத்து ஓடவிடும் கருவி நீண்ட நாள் உழைக்கும். உடையும் என்ற பயம் இருந்தால் பழக்கிக் கொடுங்கள். ஒவ்வொரு முகாமிலிருந்தும், ஒவ்வொரு புதிய குடியிருப்பிலிருந்தும் இரண்டு பெண்களையும் இரண்டு இளைஞர்களையும் அழைத்து, இரண்டு சனிக்கிழமை செலவழித்தால் போதும். பெண்களை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. இளைஞர்கள் வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விடுகிறார்கள், அவர்களோடு பழகிய கையும் போய்விடுகிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் போயின. தப்பியவர்கள் நிரந்தர வீட்டுக்குப் போக ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்தார்கள். பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குள்ளே இருந்தார்கள். காத்திருக்கும் காலம் அவ்வளவு நீளமானது என்றால் கூட்டங்களும் அவ்வளவு இருக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் படம் மாறலாம், அதிகாரி மாறலாம், காணியின் எல்லையும் மாறலாம். ஆகையால் கருவியின் பைக்குள் ஒரு சீ.ஆர். கொப்பியையும் போட்டு வையுங்கள். அதில் ஒரு பக்கத்தில் எத்தனை மணித்தியாலம் ஓடியது, குமிழ் எப்போது மாற்றியது, வடிகட்டி எப்போது துடைத்தது என்று எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் எந்தத் திகதியில் யார் வந்தார், எந்த வரைபடம் காட்டினார், அதன் இலக்கம் என்ன, கடதாசிப் பிரதி கேட்டோமா, கிடைத்ததா என்று எழுதுங்கள். திறப்பு ஒருவரிடமும் கொப்பி இன்னொருவரிடமும் இருக்கட்டும்.